இரண்டு அரிச்சுவடிகளுக்கு இடையில்: வாசிப்பில் இடர்ப்படும் வளரிளம் பருவத்தினரும் தமிழ்க் கல்விப் பனுவல்களும் (பெரியபட்டினத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் எழுத்தறிவு குறித்த பனுவல்கள் இரு வகையினரை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. ஒருவர் ஆறு வயதுக் குழந்தை. மற்றவர் முதியோர் கல்வி வகுப்புக்கு வரும் வளர்ந்தவர். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயின்றும் சரளமாக வாசிக்க இயலாத வளரிளம் பருவ மாணவருக்கென ஒரு பனுவல் மரபு உருவாகவில்லை. நன்னூலின் மாணாக்கர் பாகுபாடு, கல்விப் புனைவுகள், ‘மெல்லக் கற்போர்’ கையேடுகள், அண்மைக்கால அரசுத் திட்டங்கள் ஆகியவற்றை இந்நோக்கில் இக்கட்டுரை திறனாய்கிறது. இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தின் மொழிச்சூழலைக் களமாகக் கொண்டு, ஓதுதலுக்கும் வாசித்தலுக்கும் உள்ள உறவையும் ஆசிரியரின் நிலையையும் பேசுகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்பு இடர்ப்பாடு, வளரிளம் பருவம், மெல்லக் கற்போர், ஓதுதல், பகுபத இலக்கணம், பெரியபட்டினம்

முன்னுரை

எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரால் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க இயலவில்லை என்பது தனிமனிதக் குறையாகப் பேசப்படுகிறது. நாடு தழுவிய அளவில் அது தனிமனிதக் குறை அன்று. 2022ஆம் ஆண்டின் ‘ஏசர்’ அறிக்கைப்படி, ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பில் பயில்வோருள் இரண்டாம் வகுப்பு நிலைப் பனுவலை வாசிக்க வல்லவர் 69.6 விழுக்காட்டினர். ஏறத்தாழப் பத்தில் மூவர், எட்டு ஆண்டுப் பள்ளி வாழ்வுக்குப் பின்னும் அந்த எல்லையைத் தொடவில்லை.

தமிழகத்தின் நடப்புத் தலைமுறைக்கு இச்சிக்கலில் ஒரு தனி வரலாறும் உண்டு. 2025-26 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர் இரண்டாம் வகுப்பில் இருந்தார். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போது அவர் நான்காம் வகுப்பு மாணவர். மூன்றாம் வகுப்பை அவர் வகுப்பறையில் காணவே இல்லை. எழுத்தைக் கூட்டி வாசிப்பதிலிருந்து ஓட்டமாக வாசிப்பதற்கு மாறும் காலம் அது. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்றபோது அவர் ஐந்தாம் வகுப்பு. 2023-24இல் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டபோது அவர் ஆறாம் வகுப்பு. அவர் ஒரு படி ஏறும்போதெல்லாம் திட்டம் ஒரு படி கீழே நின்றது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின் மாலை நேரத் தன்னார்வலர் மட்டுமே இடையில் அவரைச் சந்தித்திருக்கக்கூடும். 2025-26இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலானோருக்கு வந்துள்ள ‘திறன்’ திட்டமே அவரது வகுப்பைத் தேடி வந்த முதல் பள்ளிநேர ஏற்பாடு எனலாம்.

இத்திட்டங்களின் வெற்றி தோல்விகளை அளப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. இம்மாணவரைப் பற்றியும் இம்மாணவருக்காகவும் தமிழில் எழுதப்பட்டவை அவரை எவ்வாறு உருவகிக்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இல்லிக்குடமும் பருத்திக் குண்டிகையும்

மாணாக்கரைத் தரம் பிரித்த தமிழ்ப் பனுவல்களுள் நன்னூலின் பொதுப்பாயிரமே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. அன்னத்தையும் பசுவையும் ஒத்தவர் முதல் மாணாக்கர்; மண்ணையும் கிளியையும் ஒத்தவர் இடை மாணாக்கர்; ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒத்தவர் கடை மாணாக்கர். ஆசிரியர் கல்வியியல் வகுப்புகளில் இப்பாகுபாடு இன்றும் ஒரு பெருமித மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது. ‘மெல்லக் கற்போர்’ என்னும் இன்றைய அலுவலகச் சொல்லாட்சிக்குப் பின்னால் ஓட்டைக்குடம் மறைந்து நிற்பதைக் காண்பது கடினம் அன்று. குறை குடத்தினுடையது, நீர் வார்த்தவர் மீது வினா இல்லை.

ஆனால் பவணந்தியார் அத்தோடு நிறுத்தவில்லை. ஆசிரியரையும் அதே கண்டிப்போடு அவர் பாகுபடுத்துகிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகியன ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் தரும் உவமைகள். பஞ்சை அடைத்த குண்டிகையிலிருந்து பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிய்த்தெடுக்க வேண்டியிருப்பதைப் போலக் கற்பிப்பவரும் உளர் என்பதை நூல் மறைக்கவில்லை. நம் கல்விப் பேச்சு மாணாக்கர் பட்டியலைக் காத்துக்கொண்டது. ஆசிரியர் பட்டியலைக் கைவிட்டது. நூலின் நடுநிலையைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்ட இவ்வாசிப்பே திறனாய்வுக்கு உரியது, நூல் அன்று.

அப்பாயிரத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு கணக்கும் உண்டு. ஆசான் சொல்வதை முறையாகக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரிடம் பழகுவதால் ஒரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப்பங்கு. புலமையின் பெரும்பகுதி சொல்லிக்கொடுப்பவருக்கே வாய்க்கிறது என்னும் இக்கூற்று, வாசிப்பில் இடர்ப்படும் பதின்மூன்று வயதினருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்குப் பின்னர் வருவோம்.

புனைவில் இல்லாத மாணவர்

பள்ளியை விமர்சிக்கும் எழுத்து தமிழில் வளமாகவே உள்ளது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஆசிரியர் பயிற்சி அரங்குகளில் பரவலாக வாசிக்கப்பட்ட கதை. பாடநூலைத் தாண்டி வாசித்து, விடை காண முடியாத வினாக்களைத் தொடுத்து, பள்ளியின் வன்முறைக்குப் பலியாகும் சிறுமி அவள். மொழிபெயர்ப்பாக வந்து நிலைத்துவிட்ட ‘டோட்டோ-சான்’, கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ ஆகியவற்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். இவற்றின் அறச்சீற்றம் ஐயத்துக்கு இடமற்றது. எனினும் இக்கதைகளின் குழந்தைகள் அறிவுத் துடிப்பாலோ குறும்பாலோ கதைத்தன்மை பெறுகின்றனர். ஆயிஷாவுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதை வாசகர் உடனே உணர்வதற்குக் காரணம், அவள் வகுப்பிலேயே சிறந்த வாசகி என்பதுதான்.

வாசிக்கத் தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இத்தகைய கதைத்தன்மை எளிதில் வாய்ப்பதில்லை. அவர் வினாத் தொடுப்பதில்லை. கடைசி இருக்கையில் அமைதி காக்கிறார். வாசிக்கச் சொல்லும் முறை தம்மிடம் வருவதற்குள் மணி அடித்துவிடுமா என்று கணக்கிடுகிறார். பக்கத்து மாணவரின் ஏட்டைப் பார்த்துப் பிழையின்றிப் படியெடுக்க அவருக்குத் தெரியும். கையெழுத்து அழகாக இருப்பதும் உண்டு. மறைக்கும் கலையில் அவர் செலவிடும் நுண்ணறிவை எந்தக் கதையும் கண்டுகொள்ளவில்லை.

இக்குறையை நிரப்பிய உலகப் பனுவல் ஒன்றைச் சொல்வதானால், இத்தாலியின் பார்பியானா மலையூர்ப் பள்ளி மாணவர்கள் 1967இல் வெளியிட்ட, ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதத்தையே சொல்ல வேண்டும். பாதிரியார் லொரென்ஸோ மிலானியின் வழிகாட்டலில் எட்டு மாணவர்கள் கூட்டாக எழுதியது அது. தோற்கடிக்கப்பட்ட வளரிளம் பருவத்தினர், தம்மைத் தோற்கடித்த பள்ளியைப் பற்றிப் புள்ளிவிவரங்களோடு எழுதினர். அக்கடிதம் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆசிரியர் வட்டங்களில் போற்றவும் படுகிறது. எனினும் போற்றப்படுவது அதன் குற்றச்சாட்டே. ஒருவர் எழுதியதை எண்மரும் சேர்ந்து வெட்டி, ஒட்டி, எளிமையாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்காடிய எழுத்துமுறை அதிகம் பேசப்படவில்லை. தோற்றவர்களை எழுத்தாளர்களாக்கியது அம்முறைதான்.

கையேடு கற்பிப்பது எதை?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஒட்டி ஆண்டுதோறும் மாவட்ட அளவிலும் ஆசிரியர் குழுக்கள் அளவிலும் ‘மெல்லக் கற்போர் கையேடு’ என்னும் பெயரில் தொகுப்புகள் உருவாகின்றன. கல்வி ஆய்வுகள் இவற்றை ஒரு பனுவல் வகையாகக் கருதியதில்லை. கருத வேண்டும். வாசிப்பில் இடர்ப்படும் மாணவருக்கென்றே தமிழில் அச்சேறும் நூல் வகை பெரும்பாலும் இதுவே.

இதன் உள்ளமைப்பு எளிது. தேர்ச்சிக்கு வேண்டியது 35 மதிப்பெண். மனப்பாடப் பாடல், கடிதம், படிவம் நிரப்புதல், எதிர்பார்க்கப்படும் சில குறுவினாக்கள் என அம்மதிப்பெண்ணுக்கான வழி வகுக்கப்படுகிறது. விடைகள் சுருக்கித் தரப்படுகின்றன. மாணவர் அவற்றைப் பன்முறை எழுதிப் பழகுகிறார். எழுதிப் பழகுவது என்பது இங்கு வடிவத்தைக் கைக்குப் பழக்குவது. விடையின் முதற்சொல்லை அடையாளம் கண்டதும் கை தானே நகர்கிறது. வாசிப்பு நிகழாமலே எழுத்து நிகழ்கிறது.

இக்கையேட்டைத் தயாரிக்கும் ஆசிரியரைப் பழிப்பது எளிது, அது நேர்மையன்று. மார்ச் மாதத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தேர்ச்சி பெறாத மாணவருக்கு அடுத்த வாயில்கள் அடைபடும் என்பதும் அவருக்குத் தெரியும். இடர் வேறிடத்தில் உள்ளது. அதே கையேடு ஒன்பதாம் வகுப்புக்கும், பின்னர் எட்டாம் வகுப்புக்கும் இறங்கி வருகிறது. மூன்று ஆண்டுகள் கைவசம் இருக்கும்போதே மூன்று மாத உத்தி கையாளப்படுகிறது. தேர்ச்சி பெற்று வெளியேறும் மாணவர் தம் மதிப்பெண் பட்டியலைத் தவிர அதன் பின்புறத்திலுள்ள குறிப்பை வாசிக்க இயலாதவராக இருப்பது, இப்பனுவல் வகை தன் நோக்கத்தில் வெற்றி பெற்றதற்கான சான்றாகவே அமைந்துவிடுகிறது.

இதற்கு மாறான திசையில் வந்தவை ‘வாசிப்பு இயக்க’ நூல்கள். நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில், பேச்சுவழக்கை விலக்காமல், சில பக்கங்களில் முடிந்துவிடும் கதைகளாக இவை அமைந்தன. வினாவிடை இல்லாத நூலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது இவற்றின் பெருஞ்சாதனை. வளரிளம் பருவத்தினரை நோக்கின் ஒரு குறை தென்படுகிறது. எளிய மொழிநடை பெரும்பாலும் இளைய வயதின் உள்ளடக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. குரல் உடையத் தொடங்கிய மாணவர், முயலும் எறும்பும் பேசும் நூலைப் பிறர் காணக் கையில் எடுப்பதில்லை. மொழி ஏழு வயதுக்கும் பொருள் பதின்மூன்று வயதுக்கும் உரியதாக அமையும் நூல்கள் தேவை. அறிவொளி இயக்கம் 1990களில் வளர்ந்தோருக்கு இதைச் செய்துகாட்டியது. ‘பட்டா’ போன்ற, வாழ்வில் எடைகொண்ட சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்த அம்முறையைப் புதுக்கோட்டைக் களத்தில் ஃபிரான்சிஸ் கோடி தம் நூலில் (2013) விரிவாக ஆய்ந்துள்ளார். குழந்தைக்கு ‘அம்மா, ஆடு’, வளர்ந்தவருக்கு ‘பட்டா’. இவ்விரு அரிச்சுவடிகளுக்கும் இடையிலுள்ளவருக்கு எச்சொல்?

எழுத்திலா, சொல்லிலா இடர்?

மேல்வகுப்புகளில் வாசிப்பு இடர்ப்பாடு கண்டறியப்பட்டதும் மேற்கொள்ளப்படும் முதற்செயல், 247 எழுத்துகளின் அட்டவணையை மீண்டும் தொடங்குவது. சிலருக்கு இது தேவை. உயிர்க்குறி மெய்க்கு முன்னால் வரும் கெ, கே, கை வரிசையிலும் இருபுறமும் அணைக்கும் கொ, கோ வரிசையிலும் தடுமாறுவோர் எட்டாம் வகுப்பிலும் உள்ளனர். கன்னடக் குழந்தைகளைக் கொண்டு சோனாலி நாக் செய்த ஆய்வு (2007), உயிர்மெய் அமைப்புடைய எழுத்துமுறைகளில் எழுத்தறிவு முழுமைபெற ஆங்கிலத்தைவிடக் கூடுதல் ஆண்டுகள் ஆகின்றன என்பதைக் காட்டியது. இரண்டாம் வகுப்போடு எழுத்து முடிந்துவிட்டது என்னும் பாடத்திட்ட நம்பிக்கை இந்திய மொழிகளின் இயல்புக்கு ஒவ்வாதது.

ஆயினும் வளரிளம் பருவத்தினரில் பலர் தனி எழுத்துகளை அறிந்தவர்களே. அவர்கள் வீழ்வது நெடுஞ்சொற்களில். ‘வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கிடையே’ என்னும் சொல்லில் 18 எழுத்துகள் உள்ளன. முதல் வகுப்பு நூலில் இரண்டு முதல் நான்கு எழுத்துச் சொற்களே மிகுதி. இவ்விரண்டுக்கும் இடையிலான பயணம் எங்கும் கற்பிக்கப்படுவதில்லை. தானாக நிகழும் என எதிர்பார்க்கப்படுகிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டுபவர் பதினெட்டாம் எழுத்தை எட்டும்போது முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. மேலும் தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலி மாறுபவை. சொல்லை அறிந்தவரே சொல்லைச் சரியாக ஒலிக்க முடியும். கேட்டறியாத இலக்கியச் சொல்லை ஒலிக்க எழுத்தறிவு மட்டும் போதாது.

இங்கேதான் தமிழ்ப் பாடநூல் தன் கையிலுள்ள கருவியை அறியாதிருக்கிறது. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்கள் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு எனப் பகுக்கப்பட்டுள்ளன. கற்கண்டு இலக்கணத்துக்கானது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என ஒரு சொல்லை உறுப்புகளாகப் பிரிக்கும் பகுபத இலக்கணம் உயர்வகுப்புகளில் இரண்டு மதிப்பெண் வினாவாக வாழ்கிறது. ‘வந்தனன்’ என்பதைப் பிரித்து, ‘வா’ ‘வ’ எனக் குறுகியது விகாரம் என எழுதினால் மதிப்பெண் உறுதி. அதே அறிவைக் கொண்டு மேற்கண்ட நெடுஞ்சொல்லை ‘வாழ்ந்து | கொண்டு | இருந்தவர் | களுக்கு | இடையே’ எனக் கோடிட்டு வாசிக்கும் பயிற்சி ஏதும் உரைநடைப் பகுதியில் இல்லை. புணர்ச்சியில் உகரம் கெட்டு ‘கொண்டிருந்த’ என இணைவதை அறிந்தவர், அதை அவிழ்க்கவும் அறிவார். பிற மொழிகளில் வாசிப்பு வல்லுநர் புதிதாக வகுத்துத் தரும் சொல்லுறுப்புப் பயிற்சியை, நம் இலக்கணிகள் ஏற்கெனவே வகுத்து வைத்துள்ளனர். அது வாசிப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, தேர்வுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. இலக்கணத்தை ஆறாம் வகுப்பிலேயே வாசிப்புக் கருவியாக மாற்றுவது, புதிய திட்டம் எதையும்விடச் செலவு குறைந்தது. தமிழாசிரியருக்கு அயலானதும் அன்று.

இடர்ப்படுவோர் அனைவரையும் ‘கற்றல் குறைபாடு’ உடையோர் எனக் கருதும் போக்கும், அக்குறைபாடே இல்லை என மறுக்கும் போக்கும் ஒருசேர நிலவுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. உரிய கற்பித்தலை அளித்த பின்னும் எஞ்சும் இடர்ப்பாட்டைக் கொண்டே அதை ஐயுற வேண்டும். கற்பிக்கப்படாமையைக் குறைபாடாகப் பதிவுசெய்வது மாணவருக்கு இழைக்கப்படும் இரண்டாம் அநீதி.

ஓதுதலும் வாசித்தலும்: பெரியபட்டினம்

மன்னார் வளைகுடாவின் கரையில், திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் அணித்தாக அமைந்த பெரியபட்டினம், மரைக்காயர் முதலான தமிழ் முஸ்லிம்களும் மீன்பிடித் தொழிலாளரும் பாசி எடுக்கும் பெண்களும் வாழும் கடற்கரை. இம்மாவட்டம் 2018இல் நிதி ஆயோக்கின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் விருதுநகரோடு சேர்க்கப்பட்டது. ‘பின்தங்கிய’ என்னும் அடைமொழி அதற்கு முன்பே இதனோடு ஒட்டிக்கொண்டது. எழுத்தின் வரலாற்றில் இக்கரை பின்தங்கியது அன்று. அரபு எழுத்துகளில் சில கூடுதல் வடிவங்களைச் சேர்த்துத் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு செழித்த இடங்களுள் கீழக்கரை முதன்மையானது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அங்கிருந்தே எழுதினார். ஒரு மொழியை ஈரெழுத்தில் வாசித்த சமூகம் இது.

இக்கரையின் தமிழ் முஸ்லிம் குழந்தைக்கு எழுத்தோடு நேரும் முதல் உறவு பெரும்பாலும் பள்ளியில் தொடங்குவதில்லை. ஓதும் இடத்தில் தொடங்குகிறது. ‘ஓதப் போகிறேன்’, ‘படிக்கப் போகிறேன்’ என்னும் இரு தொடர்களும் வழக்கில் தெளிவாக வேறுபடுகின்றன. ஓதுதலில் பொருள் உடனடி நோக்கம் அன்று; ஒலிப்பின் தூய்மையே நோக்கம். கஃப், டன்மர் ஆகியோர் (1986) வாசிப்பை, எழுத்தை ஒலியாக்கும் திறன், கேட்டுப் பொருளுணரும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமாக விளக்கினர். ஒன்று சுழியமானால் விளைவும் சுழியம். அக்கணக்கின்படி பொருளறியா ஓதல் வாசிப்பாகாது. ஆயினும் அதன் முதற்கூறு வலுவாகக் கைகூடும் இடம் அது.

கற்பித்தல் முறையிலும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஓதும் இடத்தில் முன்னேற்றத்தின் அலகு பக்கம், ஆண்டு அன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தை ஓதிக்கொடுப்பவரிடம் தனியே ஒப்பிக்கிறது. சரியானால் அடுத்த பாடம், இல்லையேல் அதே பாடம். வயதில் மூத்தவர் முற்பகுதியிலும் இளையவர் பிற்பகுதியிலும் இருப்பது அங்கு இயல்பு. பழைய திண்ணைப் பள்ளியும் இவ்வாறே இயங்கியது. பள்ளியிலோ முன்னேற்றத்தின் அலகு ஜூன் மாதம். கண்டிப்பும் மனப்பாடமும் மிகுந்த முறைகளை இலட்சியமாக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் இன்று ‘நிலைக்கேற்பக் கற்பித்தல்’ எனப் புதுப்பெயரில் வருவதன் சாரம் இவ்வூர்க் குழந்தைகளுக்குப் புதிதன்று.

இதில் ஆசிரியருக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. தமிழில் திணறும் ஒரு மாணவர் அரபு எழுத்தை உயிர்க்குறிகளோடு சரளமாக ஓதுவாராயின், எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் அடிப்படைத் திறன் அவரிடம் இருக்கிறது. தமிழில் அவருக்குக் குறைந்தது பயிற்சியும் சொற்பழக்கமும் எனக் கருத இடமுண்டு. நினைவிலிருந்து ஓதுகிறாரா, பார்த்து ஓதுகிறாரா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்குப் பழகாத பக்கம் ஒன்றே போதும். பள்ளியின் கண்டறித் தேர்வுகள் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. மாணவருக்குத் தெரிந்த எழுத்து பள்ளியின் கணக்கில் எழுத்தாகவே கருதப்படவில்லை.

மொழிநடையும் இங்கு இடைவெளியைப் பெருக்குகிறது. வாப்பா, உம்மா, நோன்பு, தொழுகை என வீட்டில் வழங்கும் சொற்களும், வத்தை, கச்சான், மரிக்கொழுந்துப் பாசி எனக் கடலில் வழங்கும் சொற்களும் மாணவரின் கேட்டறிவில் நிறைந்துள்ளன. உரைநடை உலகத்தின் செந்நடையை அவர் வீட்டிலும் கேட்பதில்லை, கடலிலும் கேட்பதில்லை. வாசிப்பவர் மேலும் வாசித்துச் சொல்வளம் பெறுவதும், வாசியாதவர் அதனாலேயே மேலும் பின்தங்குவதுமான சுழலை ஸ்டானோவிச் (1986) விளக்கினார். இரட்டை வழக்குடைய தமிழில் அச்சுழல் இன்னும் விசையோடு சுழல்கிறது.

கற்பிக்கப் பயிற்றப்படாத ஆசிரியர்

எழுத்தறிமுகத்தைக் கற்பிக்கும் முறை தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு உரியது. ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவரைச் சந்திப்பவரோ கல்வியியல் பட்டம் பெற்ற பாட ஆசிரியர். 2014இன் விதிமுறைகளுக்குப் பின் ஈராண்டுக் கல்வியியல் பட்டப் படிப்பில் ‘பாடங்களினூடே மொழி’, ‘பனுவல்களை வாசித்தலும் சிந்தித்தலும்’ ஆகியன சேர்க்கப்பட்டன. பின்னது பயிற்சி மாணவர் தாமே வாசித்துப் பழகுவதற்கானது. வாசிக்கத் தெரியாத மாணவர் முன் என்ன செய்வது என்பதற்கானது அன்று. ஆக, வாசிக்க இயலாத வளரிளம் பருவத்தினரின் முன் நிற்பவர், அச்சூழலுக்கெனப் பயிற்சியே பெறாதவர். அறிவியல் ஆசிரியர் அச்சிக்கலைத் தமிழாசிரியருடையது என்கிறார். தமிழாசிரியர் தொடக்கப் பள்ளியுடையது என்கிறார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே சிக்கல்.

நேரக் கணக்கும் இரக்கமற்றது. 40 மாணவர் கொண்ட வகுப்பில், 45 நிமிடப் பாடவேளையில், ஒவ்வொருவர் வாசிப்பதையும் ஆசிரியர் காதுகொடுத்துக் கேட்க ஒரு நிமிடமே கிடைக்கும், வேறெதுவும் நடத்தாதபோது. கையேடுகளும் பயிற்சி முகாம்களும் ஆசிரியருக்கு மேலும் செயல்பாடுகளைத் தருகின்றன. செவிமடுக்க நேரத்தைத் தருவதில்லை. பதிவேற்ற வேண்டிய தரவுகள் வேறு. ஆசிரியருக்கு உதவி என்பது பெரும்பாலும் மேலும் ஒரு படிவமாகவே வந்து சேர்கிறது.

இங்கு நன்னூலின் அரைப்பங்குக் கணக்குக்குத் திரும்பலாம். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகிய உள்ளூர்க் குழந்தைகளைக் கண்டு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே சட்டாம்பிள்ளை முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கு அது மலிவான பெருங்கூட்டக் கல்வியாகச் சுருங்கியது வேறு கதை. எனினும் வளரிளம் பருவத்தினருக்கு அது திறக்கும் வாய்ப்பு வேறு. எட்டாம் வகுப்பு மாணவர், முதல் வகுப்புக் குழந்தைக்கு வாசித்துக்காட்டப் பொறுப்பேற்றால், ‘நுழை’ நிலை நூலைக் கையில் எடுப்பதில் இழிவு இல்லை. அவர் முந்தைய நாள் அதைத் தனியே பயின்றாக வேண்டும். ஆசிரியரிடம் ஒருமுறை ஒப்பித்தாக வேண்டும். எளிய நூலைப் பலமுறை வாசிப்பதற்கு, கண்ணியமான ஒரு காரணம் அவருக்குக் கிடைக்கிறது. ஆசிரியருக்கோ நாற்பது பேரைக் கேட்கும் சுமை சில மூத்தவர்களைக் கேட்கும் பணியாகக் குறைகிறது. தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் நடந்துசெல்லும் தொலைவில் உள்ள ஊர்களில் இதற்குத் தடையாக இருப்பது கால அட்டவணை மட்டுமே.

பெரியபட்டினத்துக்கான பனுவல்

எத்தகைய பனுவல் என்னும் வினா எஞ்சுகிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியபட்டினத்தில் மேற்கொண்ட அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் அவற்றை இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு இணைத்து ஆராய்ந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா குறிப்பிடும் ‘ஃபத்தன்’ துறைமுகம் இதுவே எனக் கருதுவோரும் உளர். ஆய்விதழ்களில் உறையும் இச்செய்தியை அம்மாணவர் வாசிக்கும் வண்ணம் எழுத இயலுமா?

‘ஊரில் மண்ணைத் தோண்டினர். ஓடு கிடைத்தது. அது நம் ஊர்ப் பானை ஓடு அன்று. சீன நாட்டு ஓடு. எப்படி இங்கு வந்தது? கப்பலில் வந்தது. கப்பல் ஏன் இங்கு வந்தது?’

இப்பத்தியில் ஐந்து எழுத்துகளுக்கு மேற்பட்ட சொல் இல்லை. ஏழு வயதின் வாசிப்புத் திறன் போதும்; வினாவோ எழுபது வயது அறிஞருக்கும் உரியது. அடுத்த பக்கத்தில் ‘கப்பல்களில்’, அதற்கடுத்த பக்கத்தில் ‘கப்பல்களிலிருந்து’ எனச் சொல் உறுப்புறுப்பாக நீளலாம். கச்சான் எப்போது திரும்பும், பாசிக்கு யார் விலை வைக்கிறார், மீனவர் அடையாள அட்டையில் என்ன எழுதியுள்ளது, வளைகுடா நாட்டு வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் எவ்வரியைப் பார்க்க வேண்டும் என்பன அடுத்தடுத்த நூல்களாகலாம். அவற்றை எழுத வல்லவர் அவ்வூர் ஆசிரியரும், பார்பியானாவில் நிகழ்ந்தது போல, அம்மாணவர்களும்தான். முதற்படியில் அவர்கள் சொல்ல, ஆசிரியர் எழுதுவார். சொன்னவருக்கு அப்பக்கம் கடினமாக இராது, அச்சொற்கள் அவருடையவை.